மூத்தவள் பின்னோக்கித் துறைபுகுந்த படலம்

வாழ்க அவன்! பதினான்கு மாடியும் அதன்மேல் மொட்டைமாடியுமாக ஓங்கி நின்ற கட்டடங்கள்தோறும், எஃகுக் கயிற்றில் ஊசலாடும் இரும்புப் பேழைகளை ஏற்றியும் இறக்கியும், படிக்கட்டு கண்டு அஞ்சிய எளியோரின் முழங்கால்களை முப்பதாண்டுக் காலம் காத்தருளிய லிஃப்ட் மெக்கானிக் வாழ்க! கிரீஸ் கமழும் கரத்தினன். ஸ்பானர் தாங்கிய தோளினன். நடுமாடியில் சிக்கி நடுநடுங்கும் பெருந்தனக்காரர்களுக்குக் கதவிடுக்கின் வழியே "பதறாதீங்க சார், ரெண்டே நிமிஷம்" என்று அபயக்குரல் கொடுத்து, அரைமணி கழித்து மீட்கும் அண்ணல். தரையின் மட்டத்துக்கும் பேழையின் மட்டத்துக்கும் நடுவே ஒரு தீக்குச்சிக் கனம் வேறுபாடு இருந்தாலும் உறங்க மாட்டாத அந்த நேர்த்திச் செல்வன், ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பகலில், பதினொரு டன் எடையுள்ள பாய்மரப் படகு ஒன்றைப் பின்பக்கமாக ஓட்டிவந்து அதன் இடத்தில் நிறுத்தப் புகுந்த பெரும்போரை இனிச் சொல்வோம். அப்போரில் எவரும் மாளவில்லை. ஒரு காப்பிக் கோப்பை மட்டும் வீழ்ந்தது.

படகின் பெருமையைச் சொல்லாமல் படகோட்டியைப் புகழ்வது முறையன்று. நாற்பது ஆண்டுகளுக்கு முன், சிக்கனம் என்ற சொல்லைக் கேட்டிராத தச்சர்கள் சிலர் தேக்கும் வெண்கலமும் ஈயமும் கொண்டு சமைத்த நெடும்படகு அது. மெக்கானிக்கின் வாழ்க்கைக்குள் அவன் மனைவி வருவதற்கு நான்காண்டுகள் முன்பே வந்து சேர்ந்துவிட்டதால், அந்த அம்மையார் அதற்குச் சூட்டிய திருப்பெயர் மூத்தவள். "மூத்தவளுக்கு இந்த வருஷமும் புதுப் பெயின்ட்டா? இளையவளுக்கு ஒரு நல்ல குடைகூட இல்ல" என்று அவள் சொல்லும்போதெல்லாம், மெக்கானிக் தூரிகையைத் துடைப்பதில் ஆழ்ந்துவிடுவான்.

இந்நாளில் உதிக்கும் இளம்படகுகளின் அடியில், மீனின் துடுப்பைப் போல ஒற்றைத் தகடு ஒன்று நீருக்குள் தொங்கும். அவை நுனிக்காலில் சுழன்றாடும் நாட்டியக்காரிகள். மூத்தவளுக்கோ, முன்மூக்கிலிருந்து பின்முனை வரை, அடிவயிறு முழுவதும், ஏரா என்னும் நெடுங்கட்டை சுவர்போல் இறங்கியிருந்தது. அந்த ஏராவின் வால்முனையிலேயே சுக்கானும் ஒட்டிக்கொண்டிருந்தது. இதனால் அவளுக்கு வாய்த்த குணம் ஒன்றே ஒன்று: நேர் என்றால் நேர். பிடித்த திசையை அவள் விடுவதில்லை, மனம் மாறுவதில்லை, பிறர் பேச்சைக் கேட்பதும் இல்லை.

நடுக்கடலில் இந்தக் குணம் அமுதம். முந்தைய நாள் பகலில், மலைமலையாய் எழுந்து மடுமடுவாய்ச் சரிந்த பேரலைகளுக்கு நடுவே, நுரைத்த கடலே வழிவிட்டு ஒதுங்கியதோ என எண்ணும்படி மூத்தவள் நடந்துவந்த நடையைக் கண்டவர் மறக்க மாட்டார்கள். சுக்கான் சக்கரத்தை ஒரு துண்டுக் கயிற்றால் கட்டிவிட்டு, மெக்கானிக் விளிம்புவரை நிறைந்த தேநீரைச் சிந்தாமல் குடித்தான். எலும்புமுறிவு வார்டின் தலைமை நர்ஸாகிய அவன் மனைவி, உள்ளே ஒருக்களித்துப் படுத்து, குறுக்கெழுத்துப் போட்டியில் பத்தொன்பது கட்டங்களை அடித்தல் திருத்தமின்றி நிரப்பினாள். காற்று ஊளையிட்டது, மூத்தவள் தும்மக்கூட இல்லை. அந்தப் பொழுதில் மெக்கானிக்கின் நெஞ்சில் ஊறிய களிப்பு எத்தகையது என்றால், எங்கும் நிற்காமல் மேலேறிக்கொண்டே போகும் லிஃப்ட்டில் தனியாக நிற்பவனின் களிப்பு அது.

ஆனால் கடல் முடிந்து கரை தொடங்குமே! அங்கேதான் அந்த அமுதம் திரிந்து போகும். காற்று மெலிந்தால் மூத்தவள் நகர மாட்டாள். அன்று காலை மூன்று வாத்துகள் அவளை முந்திச் சென்றன, அவற்றில் ஒன்று திரும்பியும் பார்த்தது. உள்ளறையோ ஒடுக்கம், ஒருவர் சட்டைக்குள் கையை நுழைக்க, மற்றவர் மேல்தளம் ஏறி நிற்க வேண்டும். திரும்பு என்று சக்கரத்தைச் சுழற்றினால், மனுவை வாங்கி மேசையில் வைத்துக்கொண்டு, வேறு இரண்டு வேலைகளை முடித்துவிட்டு, பிறகுதான் பரிசீலிப்பாள். பின்னோக்கிச் செலுத்துவதோ, அந்தோ! ரிவர்ஸ் கியர் விழுந்த கணமே அடியில் சுழலும் விசிறி அவள் பின்பாகத்தை இடப்பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். சுக்கானை வலம் திருப்பினாலும் இடம். இடம் திருப்பினாலும் இடம். கைகூப்பித் தொழுதாலும் இடம். பதினொரு ஆண்டுகளில் இவ்வாறு அவள் முத்தமிட்ட படகுகள் ஒன்பது, கற்சுவர் இரண்டு, மிதக்கும் பெட்ரோல் பங்க் ஒன்று.

இனிப் பகைவனைப் பாடுவோம். அவன் வேறு யாருமல்லன். நர்ஸின் உடன்பிறந்த அண்ணன். சமையலறை அலமாரிகளை வீடு வீடாகப் பொருத்தி விற்பதில் வல்லவன். இழுத்தால் ஓசையின்றி வந்து, தள்ளினால் ஓசையின்றிப் போகும் இழுப்பறைகளின் இறைவன். அவன் வாங்கிய புதுப்படகு வெண்மையில் பாலையும் வடிவில் சோப்புப் பெட்டியையும் ஒத்தது. அதில் குளிர்சாதனப் பெட்டி இருந்தது. இருவர் ஒருசேரச் சட்டை மாட்டும் அறை இருந்தது. அழுத்தினால் படகே நண்டைப்போலப் பக்கவாட்டில் நகரும் மாயப் பொத்தானும் இருந்தது. முந்தைய நாள் அதே கடலில் அவனும் வந்தான். வழியெல்லாம் சோப்புப் பெட்டி அலையில் அறைபட்டு, ஓசையற்ற இழுப்பறைகள் அத்தனையும் பேரோசையுடன் திறந்து, கரண்டிகள் பறந்து, ஒன்பது மணிநேரம் சக்கரத்தை விட்டுக் கையெடுக்க மாட்டாமல், உண்டதனைத்தையும் கடலுக்கே காணிக்கையாக்கினான். ஆயினும் அவன் நான்கு மணிநேரம் முன்னதாக வந்து சேர்ந்துவிட்டான். வரலாறு முன்னதாக வந்தவனையே நம்புகிறது. அன்று நண்பகலில் அவன் குளித்து, தலைவாரி, சோப்புப் பெட்டியின் பின்தளத்தில் கால்மேல் கால் போட்டு, கையில் காப்பிக் கோப்பையுடன் வீற்றிருந்தான்.

போருக்கு விதை விழுந்தது அன்று காலை, வாத்துகள் கடந்துபோன சற்று நேரத்தில். தலைமை நர்ஸ் குறுக்கெழுத்தை மடித்து வைத்தாள். நோயாளிகளின் உறவினர்களிடம் பார்க்கும் நேரம் முடிந்தது என்று அறிவிக்கும் அதே குரலில் சூளுரைத்தாள்:

"இங்க பாருங்க. இன்னிக்கு ஒரு தடவை, யாரையும் இடிக்காம, யாரும் கயிறு பிடிக்காம, நீங்களா உள்ள கொண்டுபோய் விட்டுட்டீங்கன்னா மூத்தவ இருக்கட்டும். இல்லேன்னா அண்ணன் சொல்ற மாதிரி இவள வித்துட்டு, பொத்தான் வெச்ச படகா பார்த்துக்கலாம். எனக்குக் கடல் பிடிச்சிருக்கு. துறைக்குள்ள வந்து எல்லார்கிட்டயும் சாரி சொல்றதுதான் பிடிக்கல."

 மெக்கானிக் மறுக்க நியாயமில்லை, அந்த ஒன்பது படகுக்காரர்களிடமும் மன்னிப்புக் கேட்டவள் அவள்தான். அவன் எஞ்சினுக்குள் குனிந்துவிடுவது வழக்கம். "சரி" என்றான். அந்த ஒற்றைச் சொல்லில் ஒரு மாவீரனின் துணிவும், இரண்டு வாரமாக வீட்டில் இஸ்திரிப் பெட்டியைச் சாப்பாட்டு மேசையின்மேல் பின்பக்கமாக நகர்த்திப் பயிற்சி செய்தவனின் நம்பிக்கையும் கலந்திருந்தன.

துறை நெருங்கியது. ஒரு பக்கம் படகுகளின் நீண்ட வரிசை; எதிரே மற்றொரு வரிசை; நடுவே குறுகிய நீர்த்தெரு. கரையோரக் காப்பிக் கடையின் நிழற்குடைகளின் கீழ் ஐஸ்கிரீம் ஏந்திய குடிமக்கள் குழுமியிருந்தனர். மூத்தவளின் நெடிய பாய்மரம் தெரிந்ததுமே, ஏற்கெனவே அவளை அறிந்த சிலர் நாற்காலிகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டனர். அப்போது அலுவலகத்தின் ஒலிபெருக்கி முழங்கியது. துறைக் கண்காணிப்பாளரின் அறிவிப்பு இது:

"பதினேழாம் நம்பர் மட்டும்தான் காலியா இருக்கு. கரன்ட்டும் தண்ணிக் குழாயும் பின்பக்கம்தான் எட்டும். அதனால பின்னாலயே வாங்க. மறுபடியும் சொல்றேன், பின்னாலயே வாங்க."

பதினேழாம் எண்! அதன் வலப்பக்கம் சிப்பிகள் பல்லிளிக்கும் கான்கிரீட் சுவர். இடப்பக்கம், வெண்மை குன்றாத, கீறல் காணாத, மாதத் தவணை முடியாத சோப்புப் பெட்டி. நடுவே இருந்த இடைவெளி மூத்தவளின் அகலத்தைவிட இரண்டு முழம் மட்டுமே கூடுதல். மெக்கானிக்கின் மீசை துடித்தது. நர்ஸ், காற்றடைத்த ரப்பர் உருளைகள் இரண்டைக் கேடயங்களைப்போல இரு கைகளிலும் ஏந்தி, பதினொரு ஆண்டுகளாகத் தான் நிற்கும் இடமாகிய முன்மூக்கில் சென்று நின்றாள்.

முதற்போர் தொடங்கியது. மூத்தவளின் மூக்கை நீர்த்தெருவுக்கும் பின்பாகத்தைப் பதினேழுக்குமாக நிறுத்தி, வலது கரத்தால் சக்கரத்தையும் இடது கரத்தால் கியரையும் பற்றி, உதட்டைக் கடித்து, உலகத்து லிஃப்டுகள் அனைத்தையும் ஒருகணம் மனத்தால் வணங்கி, ரிவர்ஸைப் போட்டான் மெக்கானிக். ஆழத்தில் விசிறி உறுமியது, நீர் கொப்பளித்தது, இஸ்திரிப் பெட்டி ஒருபோதும் செய்திராத காரியத்தை மூத்தவள் செய்தாள். தாய்வீட்டைக் கண்ட புதுப்பெண் போல, தன் பெருத்த பின்பாகத்தை இடப்பக்கம் வீசிக்கொண்டு, நேராகச் சோப்புப் பெட்டியை நோக்கிப் புறப்பட்டாள்.

"மாப்ள! மாப்ள! இந்தப் பக்கம் நான் இருக்கேன்!" என்று அலறினான் அலமாரிக்காரன், அதுவரை அது எவருக்கும் தெரியாதது போல.

ஒரு கையகல இடைவெளியில் முன்கியர் விழுந்தது. மூத்தவள் தயங்கி, நின்று, வருத்தத்துடன் முன்னால் போனாள். கடையில் யாரோ "ஐயோ" என்றார். அது ஏமாற்றத்தின் ஐயோ.

இரண்டாம் போரில் மெக்கானிக் சூழ்ச்சி வகுத்தான். இடப்பக்கம்தான் போவாள் என்றால் வலப்பக்கத்திலிருந்தே தொடங்குவோம் என்று சுவரை ஒட்டிக் குறிபார்த்தான். அரிய வியூகம்! ஆனால் அன்றைக்கென்று மூத்தவளுக்கு நடக்கவே மனமில்லை. பாதி வழியில் அவள் சோர்ந்து நிற்க, சுவரின் சிப்பிகள் அருகில் மின்ன, அஞ்சிய மெக்கானிக் கியரை நடுவில் போட, கரையிலிருந்து கடல்நோக்கி வீசிய காற்று அவளை மெல்ல எடுத்து வெளியே கொண்டுபோய், நீர்த்தெருவின் குறுக்கே, ரயில்வே கேட்டின் மூங்கில் போலக் கிடத்தியது. முன்னால் போக எதிர்வரிசை. பின்னால் போக இவ்வரிசை. அந்த வேளை பார்த்து, துறையின் குப்பைகளை அள்ளிச்செல்லும் தட்டைப் படகு வந்து நின்று, போர்ச்சங்கு போல ஹார்ன் அடித்தது. அதன் ஓட்டுநர் எஞ்சினை அணைத்துவிட்டுச் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தார். அந்தச் செயலின் நிதானம் மெக்கானிக்கை வாளால் வெட்டியது போல் இருந்தது.

அவன் முன்னும் பின்னுமாகப் பதினாறு முறை கியரை மாற்றினான். பதினேழாவது முறை மூத்தவள் திரும்பச் சம்மதித்தாள். ஆனால் தான் விரும்பிய வட்டத்தில். ஊர்வலத் தேர் முடுக்குச் சந்தில் திரும்பினால் எப்படியிருக்கும்? அப்படி நெடிதாய், அகன்றதாய், ஆற அமர அவள் திரும்புகையில், எதிர்வரிசைப் படகொன்றில் கட்டியிருந்த துணிக்கொடிக்குள் அவள் முன்மூக்கின் கொம்பு நுழைந்து, மஞ்சள் துவாலை ஒன்றையும் காலுறை இரண்டையும் மென்மையாகக் கொய்துகொண்டு வெளிப்பட்டது. துவாலை காற்றில் விரிந்தது. எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத அந்த மஞ்சள் கொடியுடன் மூத்தவள் கம்பீரமாக நீர்த்தெருவில் வலம்வர, குடிமக்கள் எழுந்து நின்று பார்த்தனர்.

"சாரிங்க! துவைச்சே குடுத்துடறேன்!" என்று முன்மூக்கிலிருந்து நர்ஸ் கூவினாள். பன்னிரண்டாம் ஆண்டுக்குரிய மன்னிப்புகள் தொடங்கிவிட்டன.

மூன்றாம் போரைப் பாடவும் நாக்கு தயங்குகிறது. ஓட்டம் இருந்தால்தான் சுக்கான் கேட்கும் என்று எங்கோ எவரோ சொன்னது நினைவுக்கு வர, மெக்கானிக் எஞ்சினை முழுவேகத்தில் பின்னோக்கி முடுக்கினான். புகை எழுந்தது, நுரை பறந்தது, பதினொரு டன் பேரன்பு பின்னோக்கிப் பாய்ந்தது. ஐந்து நொடிக் காலம், ஆம், முழுதாக ஐந்து நொடிக் காலம், மூத்தவள் நூல்பிடித்தாற்போல நேரே சென்றாள். மெக்கானிக்கின் கண்ணில் நீர் துளித்தது. ஆறாம் நொடியில் அவள் இடப்பக்கத்தை நினைவுகூர்ந்தாள். அலமாரிக்காரன் எழுந்தான்; மாயப் பொத்தானைத் தேடினான்; அவசரத்தில் உள்விளக்குக்கான பொத்தானை அழுத்தினான். பட்டப்பகலில் சோப்புப் பெட்டி கல்யாண மண்டபம் போல ஒளிர்ந்தது. மெக்கானிக் முன்கியரில் எஞ்சினை அலறவிட்டு, ஒரு சாண் தூரத்தில் அழிவைத் தடுத்தான். ஆனால் அவன் கிளப்பிய பேரலை போய்ச் சோப்புப் பெட்டியைத் தாலாட்ட, காப்பிக் கோப்பை மேசையிலிருந்து வழுக்கி, உருண்டு, அலமாரிக்காரனின் வெண்ணிறக் காற்சட்டையில் தன் உயிரை விட்டது. அதே அலை மூத்தவளையும் மோதியது. அவள் ஒருமுறை தலையசைத்தாள், அவ்வளவே.

நீர்த்தெருவின் நடுவே அவள் மறுபடியும் மிதந்து நின்றபோது, மெக்கானிக் கியரை நடுவில் தள்ளிவிட்டுச் சக்கரத்தைக் கைவிட்டான். வில்லிழந்த வீரர்களுக்குக் கூட இன்னொரு வில் கிடைக்கும். அவனுக்கு மூத்தவள் ஒருத்திதான். திருமணத்துக்கு முன், வாடகை அறையில் அடுப்பும் இல்லாத நாட்களில், ஞாயிறுதோறும் அவள் பழைய பெயின்ட்டைச் சுரண்டிச் சுரண்டியே அவன் தனிமையைக் கழித்தான். முதன்முதலில் நர்ஸைச் சந்தித்ததும் மூத்தவளால்தான்; படகின் மேல்தளத்தில் வழுக்கி விழுந்து முன்கை முறிந்து, எலும்புமுறிவு வார்டில் பதினெட்டு நாள் கிடந்தான். அதையெல்லாம் அவன் சொல்லவில்லை. "முடியல" என்று மட்டும் சொன்னான்.

 முன்மூக்கில் நின்றிருந்த நர்ஸ் கணவனைப் பார்க்கவில்லை, படகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எஞ்சின் அடங்கி, சக்கரத்தை எவரும் தொடாத அந்த நேரத்தில், கரைக்காற்று மூத்தவளின் உயர்ந்த மூக்கை மெல்லக் கடல்பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. மூக்கு வெளியே போகப் போக, பின்பாகம் தானாகக் கரையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் இது நடந்திருக்கிறது. பதினொரு ஆண்டுகளாக முன்மூக்கில் நின்று பிறரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு அதைப் பார்க்க நேரமிருக்கவில்லை. வார்டில் நூற்றிருபது கிலோ நோயாளி ஒருவரை இடுப்புவரை மாவுக்கட்டுடன் திருப்ப வேண்டும் என்றால், புதிதாய் வந்த நர்ஸுகள் நால்வர் சேர்ந்து தூக்கப் பார்ப்பார்கள், நோயாளி கத்துவார். தலைமை நர்ஸ் ஒருத்தியே வந்து, முழங்காலை மடக்கி, தோளில் ஒரு கை வைத்து, அவர் எடையாலேயே அவரை உருட்டிவிடுவாள்.

ரப்பர் உருளைகளைக் கீழே போட்டாள். தளத்தின்மேல் அவள் நடந்துவந்த நடையில், குப்பைப் படகின் ஓட்டுநர் சாப்பாட்டை நிறுத்தினார்.

"தள்ளுங்க" என்றாள்.

மெக்கானிக் தள்ளி நின்றான்.

"அவளத் தூக்கப் பார்க்கிறீங்க. தூக்கக்கூடாது, உருட்டணும். அந்த நீளக் கயித்த எடுங்க. இல்ல, அது இல்ல, சிவப்பு. ஒரு முனைய இங்க பின்னால கட்டுங்க, சுவர்ப் பக்கமா."

"ஆனா யாரும் கயிறு பிடிக்கக்கூடாதுன்னு நீதானே..."

"அது உங்களுக்குப் போட்ட கண்டிஷன். எனக்கு இல்ல."

பின்னர் அவள் கரையை நோக்கித் திரும்பி இட்ட ஆணை, காப்பிக் கடை தாண்டி, கண்காணிப்பாளரின் அலுவலகக் கண்ணாடி வரை அதிர்ந்தது: "அண்ணே! அந்த விளக்கெல்லாம் அணைச்சிட்டுக் கம்முனு உக்காரு! எதையும் அழுத்தாத! பொத்தான் பக்கமே போகாத!"

அலமாரிகளின் அரசன் ஆறு வயதுத் தம்பியைப்போல அமர்ந்தான்.

நான்காம் போர் போரே அன்று. நர்ஸ் மூத்தவளை முன்னோக்கி, அவள் விரும்பிய அந்த ஒரே திசையில், அவளுக்குப் பிடித்த நேர்நடையில், பதினேழாம் எண்ணின் வாயைக் குறுக்கே கடக்குமாறு ஊர்ந்து செல்ல விட்டாள். சுவரின் முனையில் படகைக் கட்டும் முளை ஒன்று நின்றது. பின்பாகம் அதன் அருகே வந்ததும், சிவப்புக் கயிற்றின் சுருக்கை எடுத்து, மாத்திரைப் பாத்திரத்தை நோயாளியின் மேசையில் வைப்பதுபோல, எறியாமல், வீசாமல், முளையின் தலையில் வைத்தாள். கயிறு இறுகியது. மூத்தவள் நின்றாள். நர்ஸ் எஞ்சினை அணைத்தாள்.

அந்த அமைதியை எப்படி விரிப்போம்? ஐஸ்கிரீம்கள் உருகி முழங்கை வரை வழிந்தும் எவரும் துடைக்கவில்லை. கயிற்றில் கட்டுண்ட பின்பாகம் அசையாதிருக்க, கரைக்காற்று வந்து மூத்தவளின் மூக்கில் தன் உள்ளங்கையை வைத்தது. நாற்பது ஆண்டுகளாக எவருடைய சொல்லுக்கும் திரும்பாத அந்த நெடுமேனியாள், பஞ்சணையில் புரண்டு படுப்பவள்போல, தன் எடையாலேயே, தன் மனத்தாலேயே, மெல்ல மெல்லச் சுழன்றாள். மூக்கு கடலைப் பார்த்தது. பின்பாகம் பதினேழைப் பார்த்தது. இடப்பக்கம் இழுத்துப்போக விசிறி சுழலவில்லை. ஆகவே இடப்பக்கம் என்றொன்று இருப்பதே மூத்தவளுக்கு நினைவில்லை.

"இப்ப இழுங்க. மெதுவா. அவசரப்பட்டா கத்துவா."

மெக்கானிக் சுவர்மேல் தாவினான். எஃகுக் கயிறுகளை இழுத்து உரமேறிய அந்தக் கரங்கள் சிவப்புக் கயிற்றைப் பற்றின. பதினொரு டன் அவன் கைக்குள் ஒரு தொட்டிலைப்போல நகர்ந்து வந்தது. ஒருபுறம் சிப்பிகள், ஒருமுழம். மறுபுறம் சோப்புப் பெட்டி, ஒருமுழம். உள்ளே, உள்ளே, இன்னும் உள்ளே. பின்முனை நடைமேடைக்கு ஒரு தீக்குச்சிக் கனம் முன்னால் வந்தபோது, "நிறுத்துங்க" என்றாள் நர்ஸ். நின்றது. மெக்கானிக் குனிந்து, ஒரு கண்ணை மூடி, தளத்தின் மட்டத்தையும் மேடையின் மட்டத்தையும் பார்த்தான். முப்பதாண்டுப் பணியில் எந்த லிஃப்டும் அவனுக்காக இவ்வளவு சரியாக நின்றதில்லை.

எழுந்தது ஆரவாரம்! குடைகளின் கீழிருந்து கைத்தட்டல் மழையெனப் பொழிந்தது. குப்பைப் படகு மூன்று முறை சங்கொலி எழுப்பிக் கடந்துபோனது. துவாலைக்குரிய பெண்மணி எதிர்வரிசையிலிருந்து இரு கைகளையும் உயர்த்தி, "துவைக்கவெல்லாம் வேணாம், அது நாய்க்குப் போடறது" என்று பெருந்தன்மையுடன் அறிவித்தாள். ஒலிபெருக்கி கரகரத்து, "பதினேழு... வந்தாச்சு" என்றது, கண்காணிப்பாளரின் குரலில் நம்பிக்கையின்மையும் வியப்பும் மோதிக்கொண்டன.

அலமாரிக்காரன் காப்பிக்கறை தாங்கிய காற்சட்டையுடன் எட்டிப் பார்த்தான். "என்ன இருந்தாலும் என் படகுன்னா ரெண்டு நிமிஷ வேலை" என்று தொடங்கினான். குப்பைப் படகு கிளப்பிய அலை அப்போது வந்து சேர, சோப்புப் பெட்டி துள்ளியது. அவன் அலமாரிக் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ள, இழுப்பறை கையோடு வந்தது. அதைத் தூக்கிப் பிடித்தபடியே, "மாப்ள, உங்க படகுல கொஞ்ச நேரம் உக்காந்துக்கட்டுமா? வயிறு இன்னும் சரியாகல" என்றான். மூத்தவள் அவனை ஏற்றுக்கொண்டாள். அவளுக்குப் பகை தெரியாது.

மெக்கானிக் கயிற்றைச் சுருட்டினான். சுருட்டியதை அவிழ்த்து மறுபடியும் சுருட்டினான். கடைசியில், கண்ணை உயர்த்தாமல் கேட்டான்: "நான் விடல. நீதான் விட்ட. அப்போ கண்டிஷன்படி..."

"எந்தக் கண்டிஷன்?"

"விக்கிறது."

நர்ஸ் சக்கரத்தின்மேல் கைவைத்து நின்றிருந்தாள். காற்று அவள் முடியைக் கலைத்தது. பதினொரு ஆண்டுகளில் அந்த இடத்திலிருந்து துறையை அவள் பார்த்தது அதுவே முதல்முறை. முன்னால் பதினொரு டன், அதற்கப்பால் தண்ணீர், எவரிடமும் சாரி சொல்ல வேண்டியதில்லை.

"அவள யாரு விக்கப்போறா" என்றாள். "அடுத்த வாரத்துல இருந்து இங்க நான் நிக்கிறேன். நீங்க அங்க போய் நில்லுங்க."

அவள் கைகாட்டிய இடத்தில், முன்மூக்கில், ரப்பர் உருளைகள் இரண்டும் கிடந்தன. மெக்கானிக் சென்று அவற்றை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டான். தோற்றவனின் முகத்தில் அத்தனை ஒளி எவரும் கண்டதில்லை.

இவ்வாறு, அலைகடலை அடக்கி, கான்கிரீட்டைக் கடந்து, சோப்புப் பெட்டியின் செருக்கைத் தீண்டாமலே வென்று, பதினேழாம் எண்ணைத் தமதாக்கிய அந்தத் தம்பதியர், வெற்றித் திருமகள் முன்செல்ல, ஐஸ்கிரீம் ஏந்திய குடிமக்கள் இருமருங்கும் விலகி வழிவிட, உப்பேறிய உடைகளும் ஒளியேறிய விழிகளுமாய், ஒருவர் கைப்பையை மற்றவர் சுமக்கப் போட்டியிட்டு, பின்னால் நூறு பாய்மரங்களின் கயிறுகள் காற்றில் கிணுகிணுத்து வாழ்த்திசைக்க, முன்னால் தலைநிமிர்ந்து, நெடிய நடைமேடையின் மேல், வேந்தரும் வியக்கும் வீறுநடை போட்டு, பொற்கதிர் பாய்ந்த பெருவாயிலைக் கடந்து சென்றனர். பேருந்தில் உட்கார இடமில்லை. வீடுவரை நின்றுகொண்டே போனார்கள்.